முல்லைப் பெரியாறு பற்றிப் பக்கம் சாயாமல் எழுதுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கேட்பவர் தேனி மாவட்டத்துக்காரர், கல்லூரி முதலாண்டு மாணவர். விளக்கக் கட்டுரை ஒன்று எழுதச் சொன்னதும் முல்லைப் பெரியாறு அணையைத் தலைப்பாக எடுத்திருக்கிறார். படித்துப் பார்த்த பேராசிரியை, "இது விளக்கக் கட்டுரை இல்லை, வக்கீல் வாதம். பக்கம் சாயாமல் திரும்ப எழுதி வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "எங்கள் ஊர்த் தண்ணீர் விஷயத்தில் நான் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்? இரண்டு பக்கமும் சரி என்று எழுதிவிட்டால் போதுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் கம்பம் பள்ளத்தாக்குதான். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் பிறர் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவதுதான் என் வேலை. அதனால் உங்கள் பாசத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அந்தப் பாசம் இருப்பவர்தான் தகவல் தேடி அலைவார். அது எந்தச் சொல்லின் வழியாக வாக்கியத்துக்குள் நுழைகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவது கேள்விக்கும் இப்போதே பதில்: போதாது. இரண்டு பக்கமும் சரி என்று எழுதுவதும் ஒரு தீர்ப்புதான். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. இந்த அணை என்ன, எப்படி வேலை செய்கிறது, எதைப் பற்றித் தகராறு, யார் என்ன சொல்கிறார்கள், நீதிமன்றம் என்ன முடிவு செய்தது என்பதை ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் புரிய வைப்பதுதான் வேலை.

நீங்கள் அனுப்பிய கட்டுரையின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "நம் தென் மாவட்டங்களின் உயிர்நாடியான முல்லைப் பெரியாறு அணையை, வீண் பீதியைக் கிளப்பி முடக்கப் பார்க்கிறது கேரளம்." படிக்க வேகமாக இருக்கிறது, மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் உள்ளே இருப்பதை எண்ணிப் பாருங்கள். 'நம்' என்றதும் படிப்பவர் ஒரு பக்கம் உட்கார வைக்கப்பட்டுவிட்டார். 'உயிர்நாடி' உங்கள் மதிப்பீடு. 'வீண்' ஒரு தீர்ப்பு. 'கிளப்பி' என்றால் அச்சம் தானாக எழவில்லை, வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு. 'முடக்கப் பார்க்கிறது' என்பது இன்னொருவரின் உள்நோக்கத்தைப் பற்றிய ஊகம். இத்தனை முடிவுகள் இருக்கும் வாக்கியத்தில், அணை எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல்கூட இல்லை.

இதையே நான் தொடங்கினால் இப்படித் தொடங்குவேன்: "முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. 1887இல் தொடங்கி 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்புகிறது. அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு அரசு." இங்கே உணர்ச்சி இல்லைதான். ஆனால் ஒரு மாநிலத்தில் இருக்கும் அணையை இன்னொரு மாநிலம் இயக்குகிறது என்ற செய்தி போதும், படிப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

'உயிர்நாடி' என்பதை எடுத்துவிட்டால் நம் ஊரின் தேவை தெரியாமல் போய்விடுமே என்று தோன்றும். தெரியும், இன்னும் நன்றாகவே தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இந்த நீரை நம்பி இருக்கிறது என்று எழுதுங்கள். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கு இந்த நீர் போகிறது என்று எழுதுங்கள். கேரளத்தில் இருக்கும் ஒருவரும் மறுக்க முடியாத வாக்கியங்கள் இவை. 'உயிர்நாடி' என்ற சொல்லை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏக்கர் கணக்கோடு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

சரி, அடுத்தது வரிசை. பெரும்பாலானோர் தகராறில் தொடங்குகிறார்கள். அணையில் நீரை 136 அடி வரை தேக்குவதா 142 அடி வரை தேக்குவதா என்று முதல் பத்தியிலேயே வந்துவிடும். அந்த ஆறு அடிக்கு ஏன் இத்தனை சண்டை என்று தெரியாதவருக்கு அதற்கு மேல் எதுவும் புரியாது. முதலில் அணை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். சுமார் 104 அடிக்குக் கீழே நிற்கும் நீரைச் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு எடுக்க முடியாது. அதற்கு மேலே இருப்பதுதான் பயன்படும் நீர். பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலும், கிண்ணம் போல. அதனால் மேல்மட்டத்தில் ஓர் அடி உயர்ந்தால் சேரும் நீர், கீழ்மட்டத்தில் ஓர் அடிக்குச் சேர்வதைவிட மிக அதிகம். இந்த இரண்டு விஷயத்தையும் விளக்கிவிட்டால், ஆறு அடி என்பது விவசாயிக்கு எவ்வளவு பெரிது என்று நீங்கள் தனியாகச் சொல்லவே வேண்டாம். அதே விளக்கம், கீழே குடியிருப்பவருக்கு ஆறு அடி ஏன் கவலை தருகிறது என்பதையும் காட்டிவிடுகிறது. நல்ல விளக்கம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். விளக்கக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அதற்குப் பிறகு காலவரிசை. இந்த விஷயத்தில் தேதிகளே பாதிக் கட்டுரை.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 ஆண்டுகள், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். 1970இல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தம் போட்டு வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின. அந்த நீரில் மின்சாரம் எடுக்கும் உரிமையும் அப்போது முறைப்படுத்தப்பட்டது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதையடுத்து முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் கேரளத்தில் வலுத்தது. மத்திய நீர் ஆணையம் தலையிட்டு, அணையைப் பலப்படுத்தும் பணிகளுக்காக நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு சட்டத்தைத் திருத்தி 136 அடியை உச்சவரம்பாக்கியது. நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான உயர்நிலைக் குழு 2012இல் அணை பாதுகாப்பாக இருப்பதாக அறிக்கை கொடுத்தது. 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கேரளத்தின் சட்டத்திருத்தம் செல்லாது என்று சொல்லி 142 அடியை உறுதி செய்தது.

இதில் உங்கள் கட்டுரையில் எது இல்லை தெரியுமா? 1979 இல்லை. நீங்கள் 1895இலிருந்து ஒரே தாவாக 2006க்குப் போய்விட்டீர்கள். அதனால் கேரளத்தின் அச்சம் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தது போலத் தெரிகிறது. நீங்கள் பொய் எதுவும் எழுதவில்லை, ஓர் ஆண்டை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். கடுஞ்சொல் போட்டால் படிப்பவர் உஷாராகிவிடுவார். விட்டுப்போனது அவர் கண்ணுக்கே தெரியாது என்பதால் இந்த வகைச் சாய்வை நான் அதிகம் பயப்படுகிறேன். கேரளப் பக்கக் கட்டுரைகளில் இதே போல 2012ஆம் ஆண்டு அறிக்கை காணாமல் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் விட்டிருக்கிறீர்கள். "தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு" என்பது கேரள அரசு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. தண்ணீர் தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, புதிய அணை வேண்டும் என்கிறார்கள். புதிய அணை தேவையில்லை, பலப்படுத்தும் பணிகளே போதும் என்பது தமிழ்நாட்டின் பதில். இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் வேறு கணக்கு இருக்கிறது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையையும் எழுதலாம், யாருடைய நம்பிக்கை என்று சொல்லி. ஆனால் அவர்கள் வாயால் சொல்வதை முதலில் அவர்கள் சொல்கிற மாதிரியே எழுத வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் மிகப் பலவீனமான வடிவத்தில் எழுதிவிட்டு அடுத்த வரியில் உடைப்பது பட்டிமன்றத்தில் செல்லும். இங்கே செல்லாது.

இப்போது மொழிக்கு வருகிறேன். தமிழில் சாய்வு பெரிய சொற்களில் மட்டும் இருப்பதில்லை. ஏ, தான், கூட போன்ற சின்னச் சின்ன ஒட்டுகளில் ஒளிந்திருக்கும். "உச்ச நீதிமன்றம் சொன்னது" என்பது தகவல். "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்றால், இனி யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம். "142 அடிதான் கேட்கிறோம்" என்றால் அது குறைவு என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். "நிபுணர் குழுகூட ஏற்கவில்லை" என்ற ஒரு 'கூட' போதும், மறுதரப்பைக் கோமாளியாக்கிவிடும். 'வெறும்' என்ற சொல்லும் அப்படியே. "வெறும் 40,000 ரூபாய்க்கு" என்று கேரளத்தில் எழுதுவார்கள். 1886இல் 40,000 ரூபாய் என்ன மதிப்பு என்பது வேறு கேள்வி. தொகையையும் ஆண்டையும் கொடுத்து, 1970இல் மாறியதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், 'வெறும்' போடுவதா வேண்டாமா என்று படிப்பவர் பார்த்துக்கொள்வார். எழுதி முடித்ததும் இந்த ஒட்டுகளை மட்டும் தேடி ஒரு தடவை படியுங்கள். பாதியை எடுத்துவிடலாம், பொருள் கெடாது.

அதே மாதிரி 'சொன்னார்' என்பதற்கு நாம் போடும் மாற்றுச் சொற்கள். கூறினார், தெரிவித்தார் இரண்டிலும் சாய்வு இல்லை. 'ஒப்புக்கொண்டார்' என்றால் மறைத்து வைத்திருந்தார் என்று ஆகும். 'மழுப்பினார்' என்றால் பதில் இல்லை என்று ஆகும். 'சுட்டிக்காட்டினார்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்கள் முத்திரை குத்துகிறீர்கள். தமிழ்நாடு எப்போதும் சுட்டிக்காட்டுகிறது, கேரளம் எப்போதும் குற்றம்சாட்டுகிறது என்று உங்கள் கட்டுரை போகிறது. நான்கு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை எப்படி எழுதுவது என்று பாருங்கள். "முல்லைப் பெரியாற்றிலிருந்து திடீரென்று திறந்த நீர் வெள்ளத்துக்கு ஒரு காரணம்" என்று எழுதினால் கேரளத்தின் பக்கம். "வெள்ளத்துக்கும் அணைக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதினால் தமிழ்நாட்டின் பக்கம். "திடீரென்று நீர் திறக்கப்பட்டது வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. தமிழ்நாடு அதை மறுத்தது" என்று எழுதினால் இரண்டு வாக்கியமும் உண்மை. யார் சொன்னது, எங்கே சொன்னது என்ற இரண்டும் சேர்ந்தால் குற்றச்சாட்டும் ஒரு தகவலாக மாறிவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு தரப்பு போட்டுக்கொண்டே போகாதீர்கள். இது நேர் எதிரான தவறு, பயந்த மாணவர்கள் செய்வது. அணை இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்கு 'என்று கேரளம் கூறுகிறது' போட வேண்டியதில்லை. 2014இல் தீர்ப்பு வந்தது என்பதற்கு இரண்டு தரப்பு கிடையாது. முடிந்த விஷயத்தை முடிந்ததாக எழுதுங்கள். தகராறு இருக்கும் இடத்தில் மட்டும் தகராறு என்று எழுதுங்கள். இரண்டுக்கும் சமமாக வரிகள் ஒதுக்கவும் வேண்டாம். ஐந்து வரியில் ஐந்து வரியைக் கழித்துப் பார்க்கும் கணக்கு இல்லை இது. நிபுணர் அறிக்கைக்கு ஒரு கனம், மேடைப் பேச்சுக்கு ஒரு கனம், வாட்ஸ்அப்பில் வந்ததற்குக் கனமே இல்லை.

உங்கள் கட்டுரையில் எனக்கு மிகவும் கடினமாகத் தெரிந்த இடம் அணையின் பொறியாளர் பென்னிகுயிக் பற்றிய பத்தி. சொல்லவே தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் அவர் சாமி மாதிரி. ஜனவரி 15இல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். 2013இல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபமும் திறந்தார்கள். அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையைக் கேட்டு வளராத குழந்தை தேனிப் பக்கம் இல்லை. நீங்களும் அதை நடந்த வரலாறாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அணை சென்னை மாகாண அரசு தன் செலவில் எடுத்த திட்டம். பென்னிகுயிக் அதன் பொறியாளர். சொத்தை விற்றார் என்பது மக்கள் வாய்வழி வந்த செய்தி. அதை நீக்கச் சொல்லவில்லை. "சொத்தை விற்றுக் கட்டினார் என்று தேனி மாவட்ட மக்கள் நம்புகிறார்கள், ஆண்டுதோறும் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்" என்று எழுதினால், ஓர் ஊரின் நன்றி எப்படிப்பட்டது என்பது தெரியும். அதுவும் அரிய தகவல்தான்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே போல ஒரு கதை உண்டு. மகாராஜா விருப்பமில்லாமல், நெஞ்சு நொந்துதான் கையெழுத்திட்டார் என்று சொல்வார்கள். விசாகம் திருநாள் மகாராஜா பெயரிலேயே அதைச் சொல்வதுண்டு. அவர் 1885இல் இறந்துவிட்டார், ஒப்பந்தம் 1886இல். அப்போது அரியணையில் இருந்தவர் மூலம் திருநாள். இதைக் கண்டதும் உங்களுக்கு உற்சாகம் வரும், உடனே கட்டுரையில் சேர்க்கக் கை துடிக்கும். சேருங்கள். ஆனால் அவர்கள் கதையை ஆண்டு போட்டுச் சரிபார்த்துவிட்டு நம் கதையை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு கதைக்கு வைத்த தராசை இன்னொன்றுக்கும் வைக்க வேண்டும். கை நடுங்குவது இந்த இடத்தில்தான், எனக்கும் நடுங்கியிருக்கிறது.

கட்டமைப்பைப் பற்றி நன்னூல் பாயிரத்தில் சொல்லும் பத்துக் குற்றங்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எல்லாம் வேண்டாம், இரண்டு போதும். ஒன்று 'மற்றொன்று விரித்தல்'. நீங்கள் நடுவில் காவிரிக்குப் போய் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டீர்கள். அதற்கு வேறு வரலாறு, வேறு ஒப்பந்தம், வேறு தீர்ப்பு. இன்னொன்று 'சென்று தேய்ந்து இறுதல்'. ஆரம்பத்தில் ஆண்டும் எண்ணுமாக இருந்த கட்டுரை, கடைசியில் "இரு மாநிலங்களும் ஒற்றுமையுடன் செயல்பட்டால்" என்று தேய்ந்துபோகிறது. அதே பாயிரத்தில் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளில், ஒன்றாக 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' என்று வருகிறது. இருவர் மாறுபட்டுச் சொல்லும்போது ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்வது. நூல் செய்பவருக்கு அதற்கு உரிமை உண்டு. விளக்கக் கட்டுரையில் மாறுகோளைக் காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். துணிவதற்கு ஆசை இருந்தால் தனியாக ஒரு கருத்துக் கட்டுரை எழுதுங்கள், நானே படித்துத் திருத்தித் தருகிறேன்.

'தற்போது' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். இந்த வழக்கு நின்ற இடத்தில் நிற்பதில்லை. நீங்கள் எழுதும் 'தற்போது' அடுத்த வருடம் படிப்பவருக்குப் பொய்யாகிவிடும். மாதமும் ஆண்டும் போடுங்கள். கடைசிப் பத்தியில் விஷயம் எந்தத் தேதியில் எங்கே நிற்கிறது, எது இன்னும் முடிவாகவில்லை என்று மட்டும் இருக்கட்டும்.

தகவலுக்கு முதலில் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படியுங்கள். நீளம்தான், ஆனால் இரண்டு மாநிலங்களின் வாதமும் வரிசையாக அதில் இருக்கிறது. தீர்ப்பைப் பற்றி வந்த செய்தியைப் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பிறகு ஒரே நாளில் மதுரைப் பதிப்புச் செய்தித்தாளும் கோட்டயம் பதிப்பும் இந்த அணையைப் பற்றி என்ன தலைப்புப் போட்டன என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையாளம் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

திருத்தி முடித்ததும் இரண்டு சோதனை. மாநிலப் பெயர்களை மாற்றிப் போட்டு ஒரு பத்தியைப் படியுங்கள். தமிழ்நாடு இருக்கும் இடத்தில் கேரளம், கேரளம் இருக்கும் இடத்தில் தமிழ்நாடு. எங்கே உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறதோ, அந்த வாக்கியத்தைத்தான் பேராசிரியை வட்டம் போட்டிருப்பார்.

இரண்டாவது சோதனைக்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உங்கள் சித்தி வண்டிப்பெரியாறில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஊர் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறையாக வாழ்கின்றன. மழைக்காலத்தில் மதகு திறக்கும் அறிவிப்பு வந்தால் இரவில் கண் விழித்துக் கிடப்பவர்களில் அவர்களும் உண்டு. தமிழர் ஒரு பக்கம், மலையாளி மறுபக்கம் என்று உங்கள் கட்டுரை போட்டிருக்கும் கோடு அங்கே போய் அழிந்துவிடுகிறது. முதல் வாக்கியத்தில் 'வீண் பீதி' என்று எழுதினீர்களே, அதைச் சித்தியிடம் வாசித்துக் காட்ட உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். திருத்திய கட்டுரையை போனில் அவருக்கு முழுசாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இருவரில் யாராவது "இது அப்படி இல்லையே" என்று குறுக்கிட்டால், அந்த வரியைக் குறித்துக்கொண்டு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.